இடம் மாற மறுத்த தீவு: நவுருவின் ஹாமர் டிரோபர்ட்

1963-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அரசு, பசிபிக் பெருங்கடலில் வாழ்ந்த ஒரு சிறு மக்கள் கூட்டத்தை அவர்களுடைய தீவிலிருந்து மொத்தமாகப் பெயர்த்து, குவீன்ஸ்லாந்து மாநிலக் கரையோரத்தில் உள்ள கர்ட்டிஸ் தீவில் குடியமர்த்த முன்வந்தது. புதிய தீவு பழைய தீவைவிடப் பல மடங்கு பெரியது. வீடு கட்டவும் வேலை அமைத்துக் கொடுக்கவும் பணம் ஒதுக்கப்படும் என்றும், வருகிறவர்கள் அனைவரும் ஆஸ்திரேலியக் குடிமக்கள் ஆவார்கள் என்றும் சொல்லப்பட்டது. அந்த மக்களின் தலைவராக இருந்த முன்னாள் பள்ளி ஆசிரியர் ஒருவர், இந்த ஏற்பாட்டின் ஒவ்வொரு கூறையும் பேசிப் பார்த்துவிட்டு, 1964-இல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்கு அடுத்த நான்கே ஆண்டுகளில் அவருடைய தீவு தனி நாடாகி, அவர் அதன் முதல் குடியரசுத் தலைவரானார்.

அந்தத் தீவு நவுரு. அந்த ஆசிரியர் ஹாமர் டிரோபர்ட். நவுருவின் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கத் தொடங்கினால் மதிய உணவுக்குத் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடலாம். விடுதலை பெற்றபோது அங்கிருந்த நவுரு மக்கள் சுமார் 3,000 பேர். இவ்வளவு சிறிய ஒரு நாட்டின் தலைவருடைய வாழ்க்கையை நாம் ஏன் படிக்க வேண்டும் என்ற கேள்வி எழலாம். பெரிய நாடுகளில் கட்சி, சாதி, வட்டாரம், நாளிதழ் என்று பல அடுக்குகளுக்குள் மறைந்துகிடக்கும் ஒரு கேள்வி இங்கே மறைவின்றித் தெரிகிறது என்பதுதான் காரணம். நிலம் யாருடையது, அதன் அடியில் உள்ள செல்வம் யாருடையது, அதை எடுத்த பிறகு மிஞ்சும் பள்ளத்துக்கு யார் பொறுப்பு என்பதே அந்தக் கேள்வி. டிரோபர்ட்டின் அரசியல் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்தது.

கதவுக்கு முட்டுக்கொடுத்த கல்

நவுருவின் கதையைப் புரிந்துகொள்ள முதலில் பாஸ்பேட் என்ற பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும். பயிருக்குத் தேவையான மூன்று முதன்மைச் சத்துகளில் ஒன்று பாஸ்பரஸ். வயலுக்குப் போடும் சூப்பர் பாஸ்பேட், டி.ஏ.பி. ஆகிய உரங்களில் இருப்பது இதுதான். இந்த உரங்களைச் செய்ய பாஸ்பேட் பாறை வேண்டும். அது உலகில் சில இடங்களில் மட்டுமே தரமாகக் கிடைக்கிறது. நவுருவின் மேட்டுப் பகுதியில், பவளப்பாறைத் தூண்களுக்கு இடையே, மிக உயர்ந்த தரத்தில் அது நிறைந்திருந்தது. கடற்பறவைகளின் எச்சம் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து அவ்வாறு ஆனது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் விளக்கம்.

இந்தச் செல்வம் வெளியுலகுக்குத் தெரியவந்த விதம் விந்தையானது. பசிபிக் தீவுகளில் வணிகம் செய்துவந்த ஒரு நிறுவனத்தின் சிட்னி அலுவலகத்தில், கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்த ஒரு கல்லை ஆல்பர்ட் எல்லிஸ் என்ற ஊழியர் ஐயத்தோடு பார்த்தார். அது கல்லாகிப்போன மரம் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். அவர் அதைச் சோதித்தபோது உயர்தர பாஸ்பேட் என்று தெரிந்தது. அந்தக் கல் வந்த இடம் நவுரு. அப்போது அது ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. 1888-இல் ஜெர்மனி அதைத் தன் உடைமையாக்கியிருந்தது. 1906-இல் சுரங்க வேலை தொடங்கியது. தோண்டி எடுத்த ஒரு டன்னுக்கு நிலத்தின் உரிமையாளருக்குக் கிடைத்தது அரை பென்னி.

முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல் ஆஸ்திரேலியப் படை நவுருவைக் கைப்பற்றியது. போர் முடிந்ததும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து பிரிட்டிஷ் பாஸ்பேட் ஆணையம் என்ற அமைப்பை உருவாக்கி, தீவின் பாஸ்பேட்டை முறையே 42, 42, 16 விழுக்காடு என்று தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டன. ஆட்சிப் பொறுப்பு ஆஸ்திரேலியாவிடம் இருந்தது. சத்துக் குறைந்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்து நிலங்களைப் பசுமையாக்கிய உரத்தில் பெரும் பங்கு இந்தக் குட்டித் தீவிலிருந்து சென்றதே.

சட்டப்படி நவுரு அந்நாடுகளின் உடைமை அன்று. 1920 முதல், ஐ.நா.வுக்கு முன்னோடியான பன்னாட்டுச் சங்கத்தின் ஆணையின் பேரிலும், 1947 முதல் ஐக்கிய நாடுகள் அவையின் பொறுப்பாட்சி முறையின் கீழும் அது நிர்வகிக்கப்பட்டது. பொறுப்பாட்சி என்றால், தன்னைத் தானே ஆள இன்னும் ஆயத்தமாகவில்லை என்று கருதப்பட்ட மக்களின் நிலத்தையும் நலனையும், அவர்கள் ஆயத்தமாகும் வரை அவர்கள் சார்பில் காத்து நிற்பது. நம் ஊர்க் கோவில்களின் அறங்காவலர் பதவியை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். ஆனால் நவுருவில் நடந்ததோ, கோவில் தோப்பின் காய்களுக்கு அறங்காவலரே விலை வைத்து, அவரே தம் வீட்டுக்கு எடுத்துச்சென்றதைப் போன்றது. பாஸ்பேட் உலகச் சந்தை விலைக்கு விற்கப்படவில்லை. உற்பத்திச் செலவை ஒட்டிய குறைந்த விலையில் அந்த நாடுகளின் உழவர்களுக்கு அனுப்பப்பட்டது. நவுரு மக்களுக்குக் கொடுக்கப்பட்ட உரிமைத்தொகை அந்தக் குறைந்த விலையிலிருந்தும் கிள்ளிக் கொடுத்த ஒரு சிறு பகுதிதான்.

இந்த முரண்பாட்டைக் கண்டுபிடித்தவர் டிரோபர்ட் என்று சொல்ல முடியாது. அவருக்கு முன்பிருந்த தலைவர்களும் அதைத் தெரிந்தே வைத்திருந்தார்கள். ஆனால் அறங்காவலரைக் கேள்வி கேட்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது என்பதை நன்றாகப் பயன்படுத்தியவர் அவர்தான். நியூயார்க்கில் கூடிய ஐ.நா. பொறுப்பாட்சி மன்றமே அந்த இடம்.

ட்ரூக்கிலிருந்து திரும்பியவர்கள்

ஹாமர் டிரோபர்ட் 1922 செப்டம்பர் 25 அன்று நவுருவில் பிறந்தார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள ஜீலாங் நகரின் கார்டன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு, தீவுக்குத் திரும்பி ஆசிரியரானார். அவர் பிறப்பதற்குச் சற்று முன்னர், 1920-இல், இன்ஃபுளுயன்சா காய்ச்சல் நவுரு மக்களில் பலரைக் கொண்டுபோயிருந்தது. தங்கள் இனம் நிலைத்திருக்க வேண்டுமானால் குறைந்தது 1,500 பேராவது இருக்க வேண்டும் என்று கணக்கிட்ட அந்த மக்கள், 1932 அக்டோபர் 26 அன்று பிறந்த ஒரு குழந்தையால் அந்த எண்ணிக்கை நிறைந்தபோது, அதைத் திருநாளாகக் கொண்டாடத் தொடங்கினார்கள். அங்காம் என்ற பெயரில் அந்த நாள் இன்றும் அங்கே கொண்டாடப்படுகிறது. மக்கள்தொகை பெருகிவிட்டது என்று கவலைப்படும் நாடுகளில் வாழ்கிறவர்களுக்கு, ஒரு பிறப்பை நாடே எண்ணிக் காத்திருந்தது என்பது எளிதில் பிடிபடாது.

பத்தாண்டுகளில் அந்த எண்ணிக்கை மீண்டும் சரிந்தது. 1942 ஆகஸ்டில் ஜப்பானியப் படை நவுருவைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டில் 1,200 நவுரு மக்களைக் கப்பலேற்றி, வடமேற்கே தொலைவில் உள்ள ட்ரூக் தீவுகளுக்குக் கூலி வேலைக்காகக் கொண்டுசென்றது. இருபது வயதைத் தாண்டியிருந்த டிரோபர்ட்டும் அவர்களுள் ஒருவர். பசியும் நோயும் குண்டுவீச்சும் சேர்ந்து பெரும் பகுதியினரைக் கொன்றன. 1946 ஜனவரி 31 அன்று கப்பலில் வீடு திரும்பியவர்கள் 737 பேர் மட்டுமே.

இந்தத் தேதி முக்கியமானது. பின்னாளில் விடுதலை நாளைக் குறித்தபோது அதே ஜனவரி 31 தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்கு முன்னர் சட்டமன்றம் தொடங்கிவைக்கப்பட்ட நாளும் 1966-ஆம் ஆண்டின் ஜனவரி 31 தான். தம் மண்ணை விட்டு ஒருமுறை அப்புறப்படுத்தப்பட்டு மீண்டவர்களுக்கு, இன்னொரு முறை இடம் மாறுவதைப் பற்றிய பேச்சு எப்படிக் கேட்டிருக்கும் என்பதை ஊகிக்க இந்தத் தேதியே போதும்.

போருக்குப் பின் டிரோபர்ட் மீண்டும் கல்விப் பணியில் ஈடுபட்டார். அந்நாளில் தீவு மக்களின் தலைவர் பதவியான தலைமை முதல்வர் (Head Chief) பதவியில் இருந்தவர் டிமதி டெட்டுடாமோ. ட்ரூக்கிலும் அந்த மக்களை வழிநடத்தியவர் அவரே. 1951-இல் ஒன்பது உறுப்பினர்களைக் கொண்ட நவுரு உள்ளாட்சி மன்றம் அமைக்கப்பட்டது. அதற்கு அதிகாரம் மிகக் குறைவு. உண்மையான ஆட்சி ஆஸ்திரேலிய நிர்வாகியின் கையில் இருந்தது. 1953-இல் டெட்டுடாமோ இறந்தார். அதன் பின் ஏற்பட்ட தலைமுறை மாற்றத்தில் மேலே வந்த டிரோபர்ட், 1956-இல் தலைமை முதல்வரானார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. கையெழுத்திடும் அதிகாரம்கூட ஏறத்தாழ இல்லாத ஒரு மன்றத்தின் தலைவர், அந்த மன்றத்தையே ஒரு நாட்டின் பேச்சாளராக மாற்றிக் காட்டியதுதான் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளின் கதை.

கர்ட்டிஸ் தீவு ஏன் வேண்டாம்?

தீவின் ஐந்தில் நான்கு பங்கு பாஸ்பேட் நிறைந்த மேட்டு நிலம். மக்கள் வாழ்ந்தது கடலோரத்தில் ஓடும் ஒரு குறுகிய பட்டையிலும், உட்புறத்தில் புவாடா ஏரியைச் சுற்றிலும்தான். பாஸ்பேட்டைத் தோண்டி எடுத்த இடத்தில் மண்ணே மிஞ்சுவதில்லை. ஆள் உயரத்தைவிடப் பன்மடங்கு உயர்ந்த கூர்மையான சுண்ணாம்புப் பாறைத் தூண்கள் மட்டுமே காடுபோல் நிற்கும். அங்கே நடக்கவும் முடியாது, பயிரிடவும் முடியாது. இவ்வாறே தோண்டிக்கொண்டு போனால் சில பத்தாண்டுகளில் பாஸ்பேட் தீர்ந்துவிடும் என்பதும், அதன் பின் அந்த மக்கள் எதைக் கொண்டு வாழ்வது என்பதும் ஐ.நா. பார்வையாளர் குழுக்கள் தொடர்ந்து எழுப்பிய கேள்விகள். ஆஸ்திரேலியா கண்டுபிடித்த விடை, மக்களை வேறிடத்துக்கு மாற்றிவிடுவது.

டிரோபர்ட் இடம்பெயர்வையே எதிர்த்தவர் என்று பலர் எளிமையாக எழுதிவிடுகிறார்கள். அது சரியன்று. தொடக்கத்தில் அவரும் அவருடைய மன்றத்தினரும் அந்த யோசனையைத் திறந்த மனத்தோடு ஆராய்ந்தார்கள். காட்டப்பட்ட இடங்களைப் போய்ப் பார்க்கவும் செய்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: புதிய இடத்தில் நாங்கள் ஒரு நாட்டினராக இருப்போமா, அல்லது குவீன்ஸ்லாந்தின் ஓர் உள்ளாட்சிப் பகுதியாக இருப்போமா? கர்ட்டிஸ் தீவின் மீது இறையாண்மையை விட்டுக்கொடுக்க ஆஸ்திரேலியா அணியமாக இல்லை. குடியுரிமை, வீடு, ஒரு கோடி பவுண்டு என்று எல்லாவற்றையும் கொடுக்கத் துணிந்த அரசு, அந்த ஒன்றை மட்டும் கொடுக்க மறுத்தது. அந்த ஒன்றுதான் நவுரு மக்களுக்கு வேண்டியதாக இருந்தது.

அவர்கள் கண் முன்னே இன்னொரு எடுத்துக்காட்டும் இருந்தது. நவுருவுக்குக் கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பனாபாவும் பாஸ்பேட் தீவுதான். எல்லிஸ் இரண்டையும் ஒரே காலத்தில்தான் கண்டறிந்தார். அந்தத் தீவின் மக்கள் 1945 டிசம்பரில், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஃபிஜியில் உள்ள ராபி தீவுக்கு மாற்றப்பட்டார்கள். அந்த ராபி தீவு அவர்களுடைய பாஸ்பேட் பணத்தைக் கொண்டே வாங்கப்பட்டது. அவர்கள் போன பிறகு பனாபா தடையின்றித் தோண்டப்பட்டது. பேச்சுவார்த்தை மேசையில் அமர அவர்களுக்கு இடமும் இல்லை, தீவும் இல்லை. தீவில் குடியிருப்பதே ஒருவகைப் பேரம் பேசும் வலிமை என்பதை டிரோபர்ட் புரிந்துகொண்டிருந்தார் என்றே அவருடைய அடுத்த நகர்வுகளிலிருந்து தெரிகிறது.

சுரங்கத்தை விலைக்கு வாங்குதல்

கர்ட்டிஸ் தீவை மறுத்தவுடன் அவர் இரண்டு கோரிக்கைகளை ஒன்றாக முன்வைத்தார். ஒன்று அரசியல் விடுதலை. மற்றொன்று பாஸ்பேட்டின் உரிமை. இரண்டும் தனித்தனியாகப் பேசப்பட்டிருந்தால் ஆஸ்திரேலியா முதலாவதைக் கொடுத்து இரண்டாவதை வைத்துக்கொண்டிருக்கும். புதிதாக விடுதலை பெற்ற பல நாடுகளில் கொடி மாறிய பின்னும் சுரங்கமும் தோட்டமும் பழைய முதலாளிகளிடமே இருந்ததை அந்நாளைய உலகம் பார்த்துக்கொண்டிருந்தது.

பாஸ்பேட் பேச்சுவார்த்தைகளில் நவுரு தரப்பு, பொருளாதார வல்லுநர்களின் துணையோடு உலகச் சந்தை விலைகளை எடுத்துவைத்து வாதிட்டது. தங்களுக்குக் கொடுக்கப்படுவது கருணைத்தொகை அன்று, தங்கள் பொருளின் விலை என்பதே அந்த வாதத்தின் சாரம். அடுத்தடுத்த சுற்றுகளில் உரிமைத்தொகை உயர்ந்துகொண்டே வந்தது. இறுதியில் 1967-இல் உடன்பாடு எட்டப்பட்டது. பிரிட்டிஷ் பாஸ்பேட் ஆணையத்துக்குத் தீவில் இருந்த இயந்திரங்கள், கப்பலில் ஏற்றும் அமைப்புகள், கட்டடங்கள் அனைத்தையும் நவுரு மக்கள் சுமார் 2 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு விலைகொடுத்து வாங்கிக்கொள்வது என்று முடிவாயிற்று. 1970 ஜூலையில் சுரங்கம் முழுமையாக நவுரு பாஸ்பேட் கழகத்தின் கைக்கு வந்தது. தங்கள் நிலத்தைத் தோண்டிய இயந்திரத்துக்குத் தாங்களே விலை கொடுத்தது அநியாயம் என்று சொல்லலாம்தான். ஆனால் விலை கொடுத்து வாங்கியதால் உரிமையைப் பற்றி யாரும் பின்னர் வழக்காட முடியவில்லை.

அரசியல் பேச்சிலும் ஒரு சிக்கல் இருந்தது. பாதுகாப்பையும் வெளியுறவையும் தான் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் விட்டுக்கொடுப்பதாக ஆஸ்திரேலியா சொல்லிப் பார்த்தது. டிரோபர்ட் முழு விடுதலையைத் தவிர வேறெதற்கும் இணங்கவில்லை. ஐ.நா. பொது அவை 1967 டிசம்பரில் பொறுப்பாட்சியை முடித்துவைக்கத் தீர்மானித்தது. 1968 ஜனவரி 31 அன்று நவுரு குடியரசானது. அவர்கள் உருவாக்கிய கொடியில், நீலக் கடலை ஊடறுத்துச் செல்லும் மஞ்சள் கோடு நிலநடுக்கோடு. அதன் கீழே இருக்கும் பன்னிரண்டு முனை விண்மீன், தீவின் பன்னிரண்டு குலங்கள்.

ஒரு கேள்விக்கு மட்டும் அந்த உடன்பாட்டில் விடை கிடைக்கவில்லை. அதுவரை தோண்டித் தீர்த்த மூன்றில் ஒரு பங்கு நிலத்தைச் சீரமைப்பது யார் செலவில்? மூன்று நாடுகளும் அதற்குப் பொறுப்பேற்க மறுத்தன. விடுதலை கை நழுவிப் போய்விடக் கூடாது என்பதால் டிரோபர்ட் அதைத் தடைக்கல்லாக்கவில்லை. அதே வேளையில் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டதாகவும் எங்கும் எழுதிக்கொடுக்கவில்லை. ஐ.நா.வில் 1967-இல் பேசியபோதும், விடுதலை நாளில் செய்தியாளர்களிடம் பேசியபோதும், பின்னர் 1968 டிசம்பரில் ஆஸ்திரேலிய அமைச்சருக்கு எழுதிய கடிதத்திலும், அந்த மூன்றில் ஒரு பங்கைச் சீரமைக்கும் பொறுப்பு அந்நாடுகளுடையதே என்று பதிவு செய்துவைத்தார். அந்நேரத்தில் இது வெறும் சடங்கைப் போலத் தோன்றியிருக்கும். அதன் பயன் இருபது ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

பதினெட்டுப் பேர் கொண்ட அவை

1968 மே மாதத்தில் நாடாளுமன்றம் டிரோபர்ட்டைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. இங்கே நவுருவின் ஆட்சிமுறையைச் சற்று விளக்க வேண்டும். இந்தியாவில் குடியரசுத் தலைவர் வேறு, தலைமை அமைச்சர் வேறு. நவுருவில் இரண்டும் ஒருவரே. அவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை; மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பார்கள், அந்த உறுப்பினர்கள் தம்முள் ஒருவரைத் தலைவராக்குவார்கள். டிரோபர்ட்டின் காலத்தில் உறுப்பினர்களின் எண்ணிக்கை பதினெட்டு.

பதினெட்டுப் பேர் கொண்ட அவையில் கட்சிகள் வேரூன்றவில்லை. உறவுமுறை, குலம், நிலத் தொடர்பு, தனிப்பட்ட நன்றிக்கடன் ஆகியவையே உறுப்பினர்களைச் சேர்த்தும் பிரித்தும் வைத்தன. இருவர் மனம் மாறினால் ஆட்சி மாறும். தேர்தல் முறையும் தனித்தன்மை கொண்டது: வாக்காளர் எல்லா வேட்பாளர்களையும் விருப்ப வரிசையில் எழுத வேண்டும், முதல் இடத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாவதற்கு அரை, மூன்றாவதற்கு மூன்றில் ஒரு பங்கு என்று குறைந்துகொண்டே போகும் கணக்கில் அவை கூட்டப்படும். 1971-இல் வந்த இந்த முறை, அதை வகுத்த அதிகாரியின் பெயரால் டவ்டால் முறை எனப்படுகிறது.

இத்தகைய அவையில் ஒருவர் எட்டாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து தலைவராக இருந்தார் என்பதே டிரோபர்ட்டுக்கு இருந்த மதிப்பைக் காட்டுகிறது. அமைச்சர் பொறுப்புகளில் பலவும், வெளியுறவு உட்பட, அவரிடமே இருந்தன. அந்த மதிப்பும் நிரந்தரமன்று. 1976 டிசம்பரில் முப்பது வயது பெர்னார்ட் டோவியோகோ அவரைத் தோற்கடித்துத் தலைவரானார். எதிர்ப்பக்கம் அமர்ந்த டிரோபர்ட் சும்மா இருக்கவில்லை. அவருடைய ஆதரவாளர்கள் அரசின் நிதி மசோதாக்களை மறித்ததால் 1978-இல் டோவியோகோ விலகினார். அவருக்குப் பின் வந்த லகுமோட் ஹாரிஸ் சில வாரங்களே தாக்குப்பிடித்தார். மே மாதத்தில் டிரோபர்ட் மீண்டும் தலைவர். 1986-இல் கென்னன் அடியாங் இருமுறை, சில நாள் கணக்கில், அவரை இறக்கிவிட்டுத் தாமும் இறங்கினார். விடுதலைப் போராட்டத்தில் அசையாத பொறுமையைக் காட்டியவர், பதவியைத் திரும்பப் பெறுவதிலும் அதே பொறுமையைக் காட்டினார் என்பதை அவருடைய புகழ் பாடுகிறவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

பணம் வந்த ஆண்டுகள்

1970-களின் நடுவில் உலகச் சந்தையில் பாஸ்பேட் விலை பன்மடங்கு ஏறியது. ஆளுக்கு இவ்வளவு வருமானம் என்று கணக்கிட்டால் நவுரு உலகின் மிகப் பணக்கார நாடுகளுள் ஒன்றானது. வருமான வரி இல்லை. கல்வி, மருத்துவம் இலவசம். வெளிநாட்டில் படிப்பும் சிகிச்சையும் அரசின் செலவில். சுரங்கத்தில் கூலி வேலை செய்ய கிரிபாட்டி, துவாலு, சீனா ஆகிய இடங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இறக்குமதி உணவும் உழைப்பற்ற வாழ்வும் சேர்ந்து அதே பத்தாண்டில் நவுருவை உலகிலேயே நீரிழிவு மிகுந்த இடங்களுள் ஒன்றாக்கின.

பாஸ்பேட் ஒருநாள் தீரும் என்பதை டிரோபர்ட் மறந்தவர் அல்லர். வருமானத்தில் ஒரு பகுதியை எதிர்காலத்துக்கென ஒதுக்கி முதலீடு செய்ய அறக்கட்டளை நிதி இருந்தது. அந்தப் பணத்தில் 1977-இல் மெல்பர்ன் நகரின் காலின்ஸ் தெருவில் 52 மாடிகளைக் கொண்ட நவுரு மாளிகை எழுந்தது. அந்நாளில் அந்நகரின் மிக உயர்ந்த கட்டடம் அதுவே. மெல்பர்ன் மக்கள் அதைப் பறவை எச்சக் கோபுரம் என்று கேலியாக அழைத்தார்கள். ஒரு சிற்றூர் அளவே மக்கள் கொண்ட நாடு ஏர் நவுரு என்ற விமான நிறுவனத்தையும் நடத்தியது. அதன் ஜெட் விமானங்கள் பசிபிக் முழுவதும் பறந்தன, பெரும்பாலும் காலி இருக்கைகளோடு.

இந்தியாவோடும் ஓர் இணைப்பு உண்டு. ஒடிசாவின் துறைமுக நகரான பாராதீப்பில் 1981-இல் பாராதீப் பாஸ்பேட்ஸ் என்ற உரத் தொழிற்சாலை நிறுவனம் தொடங்கப்பட்டபோது, அது இந்திய அரசும் நவுரு குடியரசும் சேர்ந்து தொடங்கிய கூட்டு நிறுவனமாகவே இருந்தது. பாறையை மட்டும் விற்பதைவிட, பாறையை உரமாக்கும் தொழிலிலும் பங்கு வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. நவுருவின் பங்கு 1993-இல் இந்திய அரசிடமே வந்து சேர்ந்தது.

முதலீடுகளில் சில சிந்தித்துச் செய்தவை, சில வீண் ஆடம்பரம், சில ஏமாற்றுக்காரர்களின் கையில் மாட்டியவை. டிரோபர்ட்டின் காலத்திலேயே தொடங்கிய இந்தக் கசிவு அவருக்குப் பின் பெருவெள்ளமானது. நவுரு மாளிகை 2004-இல் கடன்காரர்களுக்காக விற்கப்பட்டது. இந்த வீழ்ச்சியின் முழுப் பழியையும் அவர் மீது போடுவது நேர்மையாகாது. ஆயினும் அவருடைய ஆட்சியில் கணக்குகள் வெளிப்படையாக வைக்கப்படவில்லை, அவரைக் கேள்வி கேட்க வலுவான தணிக்கையோ நாளிதழோ தீவில் இல்லை என்பதை மறைக்கவும் இயலாது. குவாம் தீவின் நாளிதழ் ஒன்று 1978-இல், அமெரிக்கப் பொறுப்பாட்சியில் இருந்த பசிபிக் தீவுக் கூட்டத்திலிருந்து பிரிய முயன்ற மார்ஷல் தீவுகளின் தரப்புக்கு அவர் மறைவாகக் கடன் கொடுத்ததாக எழுதியபோது, அவர் அமெரிக்க நீதிமன்றத்தில் அவதூறு வழக்குத் தொடுத்தார். அது ஆண்டுக்கணக்கில் இழுத்தது. என் பார்வையில், பிறரிடமிருந்து உரிமையைப் பெறும் கலையும், பெற்றதைத் தன் மக்களுக்குக் கணக்குக் காட்டி நிர்வகிக்கும் கலையும் வெவ்வேறு. முதலாவதில் அவர் காட்டிய தேர்ச்சி இரண்டாவதில் தெரியவில்லை.

ஹேக் நகரில் ஒரு வழக்கு

1980-களில் டிரோபர்ட் பழைய கடனுக்குத் திரும்பினார். 1983-இல் ஆஸ்திரேலியத் தலைமை அமைச்சருக்கு எழுதி, தோண்டிய நிலத்தைச் சீரமைக்கும் கோரிக்கையைப் புதுப்பித்தார். மறுப்பே வந்தது. 1986-இல் இதை ஆராய அவருடைய அரசு ஒரு விசாரணை ஆணையத்தை அமைத்தது. அதன் தலைவராக வந்தவர் இலங்கையின் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த சட்ட அறிஞர் கிறிஸ்டோபர் வீரமந்திரி. விடுதலைக்கு முன் தோண்டப்பட்ட நிலத்துக்கு ஆட்சி செய்த மூன்று நாடுகளே பொறுப்பு என்று அந்த ஆணையம் 1988-இல் முடிவுக்கு வந்தது. 1989 மே 19 அன்று நவுரு, ஹேக் நகரில் உள்ள பன்னாட்டு நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியா மீது வழக்குத் தொடுத்தது.

உலகின் மிகச் சிறிய குடியரசு, தன்னை ஆண்ட நாட்டை நீதிமன்றத்துக்கு இழுத்தது அரிய நிகழ்வு. ஆஸ்திரேலியா அடுக்கடுக்கான தடைகளை எழுப்பியது. நவுரு இந்தக் கோரிக்கையை விடுதலைக்கு முன்பே கைவிட்டுவிட்டது என்றது. மிகத் தாமதமாக வந்திருக்கிறது என்றது. பிரிட்டனும் நியூசிலாந்தும் இல்லாமல் தன்னை மட்டும் விசாரிக்க முடியாது என்றது. 1992 ஜூன் 26 அன்று நீதிமன்றம் இந்தத் தடைகளைத் தள்ளிவிட்டு, நிலச் சீரமைப்பு பற்றிய வழக்கை விசாரிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. கோரிக்கை கைவிடப்படவில்லை என்பதற்கும், தாமதம் வழக்கைக் கெடுக்கவில்லை என்பதற்கும் நீதிமன்றம் எடுத்துக்காட்டியவற்றில், 1967, 1968-ஆம் ஆண்டுகளில் டிரோபர்ட் பேசிய பேச்சுகளும் எழுதிய கடிதங்களும் இருந்தன. விடுதலையின் பரபரப்புக்கு நடுவே அவர் பதிவு செய்துவைத்த அந்தச் சில வரிகளே வழக்கின் உயிராக நின்றன.

அந்தத் தீர்ப்பு வந்தபோது அவர் ஆட்சியில் இல்லை. வழக்குத் தொடுத்த மூன்றே மாதங்களில், 1989 ஆகஸ்டில், நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் நாடாளுமன்றம் அவரை இறக்கிவிட்டிருந்தது. தீர்ப்புக்குப் பின் மூன்று வாரங்கள் கூட முழுதாக ஆகாத நிலையில், 1992 ஜூலை 15 அன்று, மெல்பர்னில் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஆஸ்திரேலியா நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாட்டுக்கு வந்து, 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதில் 5 கோடியே 70 லட்சம் தொடக்கத்திலும், மீதி இருபது ஆண்டுகளில் தவணையாகவும் தரப்பட்டது. பிரிட்டனும் நியூசிலாந்தும் தலா 1 கோடியே 20 லட்சம் டாலரை ஆஸ்திரேலியாவுக்குக் கொடுத்துத் தங்கள் பங்கை முடித்துக்கொண்டன.

பணம் வந்தது, நிலம் இன்னும் பெரும்பாலும் பாறைத் தூண்களாகவே இருக்கிறது. கடல் உயர்ந்து கரையோரப் பட்டையை அரிக்கத் தொடங்கியதால், தோண்டி விடப்பட்ட அந்த மேட்டு நிலத்தைச் சமன்படுத்தி மக்களை அங்கே குடியேற்றும் திட்டத்தை நவுரு அரசு இப்போது கையில் எடுத்திருக்கிறது. அதற்குப் பணம் திரட்ட, குறைந்தது 1,05,000 அமெரிக்க டாலர் கொடுப்பவர்களுக்குத் தன் குடியுரிமையையே 2025-இல் விற்கத் தொடங்கியது. டிரோபர்ட் மறுத்த இடம்பெயர்வு, அறுபது ஆண்டுகளுக்குப் பின், கரையிலிருந்து சில நூறு மீட்டர் தொலைவுக்கு, அதே தீவுக்குள் நடக்கப்போகிறது.